சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் அசையக் கூடாது

வீடு பார்க்க வந்தீங்களா? அந்த அஞ்சாவது வாசல்தான். நீலக் கதவு. அது எங்க வீடு. இந்த மாசக் கடைசியோட காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

இல்லை அக்கா, நான் திறந்து காட்ட மாட்டேன். சாவி என் கையிலதான் இருக்கு. ஆனாலும் காட்ட மாட்டேன். ஓனரம்மா கோயிலுக்குப் போயிருக்கு. அதுகிட்ட எல்லா வீட்டுக்கும் ஒரு சாவி உண்டு. அது வந்து காட்டட்டும். காலி பண்ணச் சொன்னது அது. நான் எதுக்குக் கதவைத் திறந்து வாங்க வாங்கன்னு சொல்லணும்?

உட்காருங்க. ஐயோ, துவைக்கிற கல்லுல வேணாம், அது இந்தக் குழந்தைங்க ஆட்டத்துல தண்ணி பிடிக்கிற இடம். அந்த வாளியைக் கவுத்துப் போட்டுக்கோங்க. பாப்பா பேர் என்ன? அமுதினியா. அவளை விடுங்க, புடவையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாளே, அதுங்க ஆடுறதைப் பார்க்கட்டும். டேய் தர்ஷித், சின்னவளை இடிக்காம ஓடு. சொன்னது மண்டையில ஏறுதா இல்லையா?

உங்களுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம் வந்தாங்க. அவங்ககிட்டயும் இதையேதான் சொன்னேன். வீட்டைப் பார்க்காமலே போயிட்டாங்க. உங்ககிட்டயும் சொல்லப்போறேன். அந்த வீடு பூட்டியே கிடக்கணும், அதுதான் என் ஆசை. மறைச்சுப் பேச எனக்கு வராது. வீட்டோட குறையையும் சொல்லிடறேன். பின்ஜன்னல் திறக்காது. திருப்பூர் வெயில் உங்களுக்குத் தெரியும்ல? வெந்து போயிடுவீங்க.

அம்மா இந்தச் சந்து முனையில இருக்கிற பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்க்குது. முட்டி வலி. அதனாலதான் இங்கேயே இருந்தோம், நடந்து போயிடலாம்னு. இப்ப வேற இடம் பார்த்திருக்கு, ரெண்டு பஸ் மாறி வரணும். அம்மா என்கூடப் பேசுறதை நிறுத்திடுச்சு. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்கும், அவ்வளவுதான். ஏன்னா ஓனரம்மா அம்மாகிட்ட என்ன சொல்லுச்சுன்னா, "அந்தப் புள்ள மாடிக்கு வந்து என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் நீங்க போக வேண்டியதில்லை."

ஒரு வார்த்தை. நான் சொல்ல மாட்டேன். ஏன்னு கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எனக்குப் படிப்பு ஏறலை. பிளஸ் ஒன்ல பாதியில நின்னுட்டேன். அதுக்கு யாரையும் குத்தம் சொல்லலை, எனக்கே உட்காரப் பிடிக்கலை. கம்பெனியில பதினெட்டு முடியாம எடுக்க மாட்டேங்கறாங்க. அதுவரைக்கும் வீட்டுல சும்மாதானே இருக்கேன்னு, இந்த லைன்ல இருக்கிற அம்மாக்கள் எல்லாம் குழந்தைகளை என் தலையில கட்டிட்டு ஷிப்டுக்குப் போயிடறாங்க. அதோ அந்த ரிப்பன் கட்டினது ரக்ஷனா. ஓடுறவன் தர்ஷித். அந்தக் கடைசி வீட்டுல ஒடிசாக்காரங்க இருக்காங்க, அவங்க பொண்ணு ரோஷ்ணி. வந்த புதுசுல ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. எல்லாம் நண்டு சிண்டுங்க. சும்மா உட்கார வெச்சா ஒண்ணை ஒண்ணு கடிக்கும். ஓட விடணும். ஓடி ஓடி விழுந்தாத்தான் தூங்கும்.

அதுக்குத்தான் முதல்ல ஒரு பந்து செஞ்சேன். கடையில வாங்கினது இல்லை. அம்மா கம்பெனியில சிவப்புக் கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை தூக்கிப் போட்டாங்க. அதை இறுக்கி உருட்டி, மேல ஜட்டிக்குப் போடுற எலாஸ்டிக்கைச் சுத்தி, கோணி ஊசியால தைச்சேன். விரல் எல்லாம் பொத்தல். அந்தப் பந்து குதிச்சது பாருங்க, காசு குடுத்து வாங்கினா அப்படிக் குதிக்காது. காலியான நூல் கோன் இருக்குல்ல, கூம்பு மாதிரி, அட்டையில செஞ்சது? அதை வரிசையா நிக்க வெச்சுப் பந்தால அடிக்கணும். விழுந்ததை ஓடிப்போய் நிமிர்த்தணும். அதுக்குள்ள அடுத்தவன் அடிப்பான். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தது.

அன்னைக்குத் தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்க்க ஓனரம்மா தரைக்கடியில இருக்கிற சம்ப் தொட்டி மூடியைத் திறந்தது. பார்த்தது. மூடாமப் போயிடுச்சு. கவனிங்க அக்கா, மூடாமப் போனது யாரு? தர்ஷித் அடிச்ச பந்து நேராப் போய்ச் சம்புக்குள்ள விழுந்தது. "சிந்துக்கா, பந்து முழுகுது"ன்னு ரக்ஷனா வந்து சொன்னா. "துணிதானே, அப்புறம் எடுக்கலாம்"னு சொல்லிட்டு நான் போன்ல ஒரு வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் மறந்துட்டேன். மறக்கிறது தப்பா?

அந்தச் சிவப்புச் சாயம் போற துணின்னு எனக்கு யார் சொன்னா? விடிஞ்சு குழாயைத் திறந்தா, எல்லா வீட்டுலயும் ரோஸ் கலர் தண்ணி. பல் விளக்கினவங்க ரத்தம்னு நினைச்சுக் கத்தறாங்க. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை எல்லாம் ரோஸ். ஓனரம்மா, மகன் வெளிநாட்டுல இருந்து வர்றான்னு வெள்ளைப் போர்வை, தலையணை உறை, ஜன்னல் துணி எல்லாம் துவைச்சுப் போட்டிருந்தது. அம்புட்டும் ரோஸ். மகன் கடைசியில வரவும் இல்லை, அது வேற விஷயம்.

சம்பைக் காலி பண்ணிக் கழுவி, லாரித் தண்ணி வர்ற வரைக்கும் எல்லாரும் குடத்தைத் தூக்கிட்டு அலைஞ்சாங்க. அதோட விட்டிருக்கலாம்ல? விடலை. அந்தம்மா அரிவாள்மணையை எடுத்துட்டு வந்து, இதே வாசல்ல, குழந்தைகளைச் சுத்தி நிக்க வெச்சுக்கிட்டு, என் பந்தை நடுவுல வெட்டுச்சு. பரங்கிக்காயை வெட்டுற மாதிரி. ரக்ஷனா ஓன்னு அழுதா. "இனி இந்த வாசல்ல ஒரு பந்து உருளக் கூடாது. இது என்ற ஊடு." தன்னோட வீடாம். அதோட நின்னுச்சா? தண்ணிக்கு நிக்கிற அத்தனை பேர் முன்னாடியும் என்னைப் பார்த்து, "படிக்கற வயசுல படிக்காம, இருக்கற புள்ளைகளையும் கெடுத்துட்டுத் திரியறா"ன்னு சொன்னது. ஒரு அக்கா சிரிச்சா. யாருன்னு ஞாபகம் வெச்சிருக்கேன். அவளை அப்புறம் பார்த்துக்கலாம்.

எனக்கு அழுகை வரலை. கோபம் வந்தா எனக்கு மூளை நல்லா ஓடும். பள்ளிக்கூடத்துல யாரும் கோபப்படுத்திப் பாடம் நடத்தலை, அதான் பிரச்சினை. வெட்டின பந்தைப் பார்த்துட்டே யோசிச்சேன். பந்தா இருந்தா வெட்டுவே. வெட்ட முடியாத ஒண்ணு செஞ்சா? உன்னையே ஆட்டமா செஞ்சா?

அந்தம்மா நடக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? பார்ப்பீங்க. இடது கால் செருப்பை இழுத்து இழுத்து நடக்கும். இடுப்புல சாவிக்கொத்து. அது வர்றதுக்கு முன்னாடி சாவிச் சத்தம் வந்துடும். அந்தச் சத்தம் கேட்டா இந்த லைனே அப்படியே நிக்கும். குழாயைத் திறந்தவங்க மூடுவாங்க. கொடியில துணி போடுறவங்க கையைக் கீழே இறக்குவாங்க. அங்கதான் எனக்கு ஆட்டம் கிடைச்சது.

சோடா பாட்டில் மூடியைப் பொறுக்கிட்டு வரச் சொன்னேன். குழந்தைங்க ஒரு பை நிறையக் கொண்டு வந்தாங்க. கல்லால தட்டி, ஆணியால ஓட்டை போட்டு, எலாஸ்டிக்ல கோத்தேன். ஆட்டினா அச்சு அசல் அந்தம்மா வர்ற சத்தம். நூல் கோனைத் தலைகீழாத் திருப்பி, கூர் முனை ஓட்டையில துணி அடைச்சேன். அதுதான் குடம். தண்ணிக்கு ஒரு வாளி நிறையப் பனியன் துணித் துண்டு. வெள்ளை மட்டும். சாயத் துணியைத் தொடவே இல்லை.

ஒருத்தர் ஓனரம்மா. சாவிக்கொத்தோட சுவத்தைப் பார்த்து நிக்கணும். மத்தவங்க அந்தக் கேட்டுகிட்ட இருந்து குடத்தைத் தூக்கிட்டு, ஓடியோ தவழ்ந்தோ, துவைக்கிற கல்லுக்கு வந்து, தண்ணியை அள்ளிட்டுத் திரும்பி ஓடணும். சாவிச் சத்தம் கேட்டா அப்படியே நிக்கணும். ஒத்தைக் கால்ல இருந்தா ஒத்தைக் கால்தான். ஓனரம்மா திரும்பி, செருப்பை இழுத்துக்கிட்டு ஒவ்வொருத்தர் முன்னாடியும் வந்து நிக்கும். அந்தம்மா சொல்றது ஏதாவது ஒண்ணைச் சொல்லும். "மோட்டார் போட்டது ஆரு?" "கரண்டு பில்லு உங்கப்பனா கட்டறான்?" "இது என்ற ஊடு." அசைஞ்சா அவுட். சிரிச்சா அவுட். பேசினா அவுட். அவுட்டானா வீடு காலி. மூட்டை முடிச்சு மாதிரி இந்தச் சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கேட்டுக்கு வெளியே போய் உட்காரணும். யார் குடம் முதல்ல நிறையுதோ அவங்க ஜெயிச்சாங்க.

முதல் நாள் சொதப்பல். சாவிச் சத்தம் கேட்டா நிக்காம, எல்லாம் ஓனரம்மாவா நின்னவளைக் கட்டிப் பிடிக்க ஓடுச்சுங்க. தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தேன். ரொம்பச் சின்னதுங்க பெரியவங்க கையைப் பிடிச்சுக்கலாம்னு ஒரு ரூல் சேர்த்தேன். அப்புறம் ஆட்டத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க பாருங்க. பக்கத்துச் சந்துக் குழந்தைங்க எல்லாம் வந்தாங்க. ஷிப்ட் முடிஞ்சு வர்ற அம்மாக்கள் டிபன் பையோட நின்னு வேடிக்கை பார்த்தாங்க. ரோஷ்ணி முதல்முதலாப் பேசின தமிழ் என்ன தெரியுமா? "இது என்ற ஊடு." காய்காரர் வண்டியை நிறுத்திட்டுச் சிரிச்சார். அந்தம்மா மாடிப்படியில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தது. எனக்கு அன்னைக்குத்தான் சாப்பாடு இறங்கினது.

ஒரே ஒரு எரிச்சல். நான் நினைச்சது என்னன்னா, ஓனரம்மாவா நிக்கறதுக்கு யாரும் வர மாட்டாங்க, கெட்டவள் வேஷம்தானே, சீட்டுக் குலுக்கித்தான் போடணும்னு. இதுங்க என்னடான்னா அதுக்குத்தான் அடிச்சுக்குது. "நான் ஓனரம்மா, நான் ஓனரம்மா." ஜெயிச்சவங்கதான் அடுத்த ஓனரம்மான்னு ரூலையே மாத்த வேண்டியதாப் போச்சு. லூசுங்க.

ஒருநாள் ஆட்டம் நடக்கும்போதே அந்தம்மா இறங்கி வந்தது. நிஜச் சாவிச் சத்தம். எல்லாம் சிலையா நின்னுடுச்சு. ரோஷ்ணிதான் ஓனரம்மா. நான் காத்திருந்தேன், இப்பக் கத்தும், இப்ப எல்லார் முன்னாடியும் அசிங்கப்படும்னு. அது ரோஷ்ணியைப் பார்த்தது. "நா இப்படியா நடக்கறேன்?"னு கேட்டது. ரோஷ்ணி பயப்படாம, செருப்பை இழுத்து நடந்து காட்டினா. அந்தம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "காலை இன்னும் கொஞ்சம் இழுக்கோணும், கண்ணு. கம்பி வெச்ச காலு"ன்னு சொல்லிட்டு மேல போயிடுச்சு.

அடுத்த நாள் பழைய சாவி ஒரு கொத்தைக் குடுத்து அனுப்புச்சு. நிஜமான சாவி. துருப்பிடிச்ச, பெரிய பெரிய சாவி. என் மூடிக் கொத்தை எல்லாரும் தூக்கிப் போட்டுட்டாங்க. லஞ்சம் அக்கா. குழந்தைகளை இழுக்கறதுக்கு லஞ்சம். அப்புறம் சாயங்காலம் ஆனா படியில வந்து உட்காரும். பொட்டுக்கடலை உருண்டை குடுக்கும். சம்ப் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, "இனி ஓடுங்க, உள்ள உளுக மாட்டீங்க"ன்னு சொன்னது. தர்ஷித் அது மடியில போய்ச் சாய்ஞ்சான். அவனுக்கு எத்தனை நாள் மூக்குத் துடைச்சு விட்டிருக்கேன் நான். இந்தப் பயலுக்காகத்தானே விரல் எல்லாம் பொத்தல் பண்ணிக்கிட்டேன். அவன் அந்தப் பந்தை வெட்டினவள் மடியில சாயறான்.

எனக்கு மூளை மறுபடியும் ஓட ஆரம்பிச்சது.

அந்தம்மா தினமும் ராத்திரி ஆகறதுக்கு முன்னாடி மாடிப்படி வளைவுல நின்னுதான் மகனோட பேசும். அங்கதான் டவர் கிடைக்கும். எங்க சமையல்கட்டுல நின்னா எல்லாம் கேக்கும். "எப்பச் சாமி வருவே? ...செரி. ...செரி சாமி. ஆமா, வேலைதான் முக்கியம். ...சாப்பிட்டியா?" அந்தப் பக்கம் வெச்சுடுவான். இது அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் போனைக் காதுல வெச்சுக்கிட்டு, "செரி சாமி, செரி"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கும். போனே கட்டாயிடுச்சு, யார்கிட்டப் பேசுது? பார்த்தா யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

அதை ஆட்டத்துல சேர்த்தேன். சாவியை ஆட்டிட்டுத் திரும்பும்போது, ஓனரம்மா செருப்பைக் கழட்டிக் காதுல வெச்சுக்கணும். "எப்பச் சாமி வருவே?" அப்புறம் செருப்பைப் பார்க்கணும். மறுபடியும் காதுல வெச்சு, "செரி சாமி, செரி." ரக்ஷனாவுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன், அவளுக்கு முகம் நல்லா வரும். ஞாயித்துக்கிழமை. எல்லாரும் வீட்டுல இருந்தாங்க. அந்தம்மாவும் படியில தட்டோட உட்கார்ந்திருந்தது. ரக்ஷனா பண்ணினா. அக்கா, அப்படி ஒரு சிரிப்பை இந்த வாசல் கேட்டதே இல்லை. என்னை அன்னைக்குப் பார்த்துச் சிரிச்சாளே, அவளும் சிரிச்சா. எங்கம்மா மட்டும் சிரிக்கலை. எங்கம்மாவுக்கு எதுக்குமே சிரிப்பு வராது.

அந்தம்மா தட்டை அங்கேயே வெச்சுட்டு எழுந்து போனது. கைப்பிடியைப் பிடிச்சுப் பிடிச்சு. மறுநாள் காலையில அம்மாவைக் கூப்பிட்டு, மாசக் கடைசியில காலி பண்ணுங்கன்னு சொல்லிடுச்சு. இப்பச் சொல்லுங்க. நான் இல்லாததைச் சேர்த்தேனா? அது சொன்னதைத்தான் சொல்ல வெச்சேன். ஒரு எழுத்து கூடச் சேர்க்கலை. உண்மையைச் சொன்னதுக்கு வீட்டை விட்டு அனுப்புறாங்கன்னா, நான் எதுக்குப் போய் மன்னிப்பு...

சரி, அந்த வார்த்தை இப்ப எதுக்கு.

அன்னையில இருந்து ரக்ஷனா செருப்புக் காட்சியைப் பண்ண மாட்டேங்கறா. எவ்வளவு சொல்லியும் மாட்டேங்கறா. யாருமே பண்ண மாட்டேங்கறாங்க. அதுக்குப் பதிலா வேற ஒண்ணைச் சேர்த்திருக்காங்க, அதோ பாருங்க, ரோஷ்ணி பண்றா. ஒரு கையை இடுப்புல வெச்சு, பின்னல் நுனியைக் கடிச்சுக்கிட்டு, "சொன்னது மண்டையில ஏறுதா இல்லையா"ன்னு தலையில குட்டறா. ஓனரம்மா அப்படிப் பண்ணி நான் பார்த்ததே இல்லை. அதுக்குப் பின்னலே கிடையாது, கொண்டைதான். எங்க பிடிச்சுட்டு வந்தாங்களோ. என்ன அக்கா, ஏன் சிரிக்கறீங்க?

அமுதினியை உட்காரச் சொல்லுங்க, எங்க அவ? பாருங்க, குடத்தை வாங்கிட்டா. யார் குடுத்தது? வேணாம் பாப்பா, உங்கம்மா இந்த வீட்டுக்கு வரப்போறதில்லை.

கேட் திறக்குது. கேட்டுதா? சாவி. அசையாதீங்க அக்கா. நீங்களும்தான். பார்த்தீங்களா, உங்க பாப்பா ஒத்தைக் கால்ல நின்னுட்டா. வருது. ஒவ்வொருத்தர் முன்னாடியும் நின்னு பார்த்துட்டு வருது. அதுவும் ஆடுது பாருங்க, வெக்கமே இல்லாம. இந்தப் பக்கம்தான் வருது.

"ஊடு பாக்க வந்தீங்களா, அம்மிணி? இருங்க, வர்றேன்." அடுத்து என் முன்னாடி. "என்ன புள்ள. ஏதாச்சும் சொல்லோணுமா?"

...

"செரி. வாங்க அம்மிணி. அந்த நீலக் கதவுதான்."

போகுது. போங்க அக்கா, நீங்களும் போங்க. பார்த்தீங்கல்ல? நீங்கதான் சாட்சி. எவ்வளவு நேரம் நின்னுச்சு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு. நான் அசைஞ்சேனா? வாயைத் திறந்தேனா? முதல்ல கண்ணை எடுத்தது அது. தோத்தது அது.

என்னடி ரோஷ்ணி, சாக்கை எதுக்கு என்கிட்ட நீட்டறே?

"சிந்துக்கா அவுட்."

நான் எங்கடி அசைஞ்சேன்?

"பேசினே," ரக்ஷனா வேற சேர்ந்துக்கறா. "சாவி சத்தம் கேட்டப்புறம் அந்த அக்காகிட்டப் பேசினே. பேசிட்டே இருந்தே. பேசினா அவுட்."

சரி. குடு. ரூல் நான் போட்டதுதான். தள்ளு, நானே போறேன், யாரும் பிடிச்சுத் தள்ள வேணாம்.

அக்கா. உள்ளே போயிட்டீங்களா? இங்க இருந்து சொன்னா கேக்குதா? அந்தப் பின்ஜன்னல். அதைச் சும்மா தள்ளினா திறக்காது. ரெண்டு கையாலயும் கீழ்ச் சட்டத்தைக் கொஞ்சம் மேல தூக்கி, அப்புறம் தள்ளணும். நல்லாக் காத்து வரும். அந்தம்மாவுக்கு அது தெரியாது. நீங்க தூக்குங்க.